தண்ணிக்கு ஒரு வழி, காத்துக்கு ஒரு வழி: குளியலறையைப் புதுப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

(கீழ்வேளூரில், வீடு புதுப்பிக்கும் குடும்பங்களிடம் பேசிய பேச்சின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



குளியலறையைப் புதுசாக்கணும்னு முடிவு பண்ணினதும் நாம முதல்ல எங்கே போறோம்? டைல்ஸ் கடைக்கு. அடுத்து ஷவர், குழாய், கண்ணாடி, வாஷ்பேசின். செல்போன்ல நூறு படம் பார்த்து ஒரு கலரைத் தேர்ந்தெடுக்கிறோம். தரைக்குக் கீழே போற பைப்பைப் பத்தி மட்டும் "அதெல்லாம் பிளம்பர் பார்த்துக்குவார்" அப்படின்னு விட்டுடறோம்.

ஆறு மாசம் கழிச்சு மூணு புகார் வருது. குளிச்ச தண்ணி கால்ல தேங்குது, போக மாட்டேங்குது. இது ஒண்ணு. கதவைத் திறந்தா நாத்தம் வருது, எவ்வளவு பினாயில் ஊத்தினாலும் போகல. இது ரெண்டு. கழிப்பறையில தண்ணி ஊத்தினா, பக்கத்துல குளிக்கிற இடத்து ஜாலியில 'குபுக் குபுக்'னு சத்தம் கேக்குது. இது மூணு. இதுல எதுக்குமே டைல்ஸ் காரணம் இல்லை. ஆனா சரிபண்ணணும்னா புது டைல்ஸைத்தான் உடைக்கணும். அதனாலதான், டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்னு இன்னிக்குப் பேசுவோம்.

எண்ணெய் டின் கணக்கு

எண்ணெய் டின்னைத் திறக்கும்போது எத்தனை ஓட்டை போடுவீங்க? ரெண்டு. ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் விட்டு விட்டுத்தான் வரும், 'குளுக் குளுக்'னு சத்தம் போடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா நேரா, சீரா ஊத்தும். முதல் ஓட்டை எண்ணெய்க்கு, ரெண்டாவது காத்துக்கு.

கழிவுநீர்க் குழாயும் அப்படித்தான். தண்ணி கீழே இறங்கும்போது அதுக்கு முன்னாடி இருக்கிற காத்தைத் தள்ளும், பின்னாடி இருக்கிற காத்தை இழுக்கும். அந்தக் காத்து வந்துபோக ஒரு குழாய் வேணும். அதுதான் வென்ட் பைப், நம்ம ஊர்ல 'ஏர் பைப்'னு சொல்றது. அது இல்லைன்னா தண்ணி இழுக்கிற காத்து வேற எங்கேயிருந்து வரும்? உங்க குளியலறை ஜாலி வழியாத்தான் வரும். அந்த 'குபுக்' சத்தம் அதுதான்.

அடுத்தது ட்ராப். குளிக்கிற இடத்து ஜாலிக்குக் கீழே வளைஞ்சு ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும், அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். பழைய பிளம்பர்கள் 'நஹானி ட்ராப்'னு சொல்வாங்க. அந்தத் தண்ணிதான் பூட்டு. செப்டிக் டேங்க்ல இருந்து வர்ற வாயு, கரப்பான், கொசு எல்லாத்தையும் அந்த ரெண்டு இஞ்ச் தண்ணி தடுத்து நிறுத்துது. தண்ணிப்பூட்டு குறைஞ்சது 50 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும். 1775இல் லண்டன்ல அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்றவர், இந்த மாதிரி வளைஞ்ச குழாயோட ஒரு கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இருநூத்தைம்பது வருஷமாச்சு. இன்னிக்கும் இதைவிட எளிமையான வழி வரல.

ஆக குளியலறைக்கு வேண்டியது மூணு: தண்ணி ஓட வாட்டம், வாயுவைத் தடுக்கத் தண்ணிப்பூட்டு, அந்தப் பூட்டைக் காப்பாத்த ஏர் பைப். இதுல ஒண்ணு போனாலும் மத்த ரெண்டும் கெட்டுடும்.

பூட்டு எப்படிப் போகுது?

நாத்தம் வருதுன்னா தண்ணிப்பூட்டு போயிடுச்சுன்னு அர்த்தம். அது நாலு விதமாப் போகும்.

முதல் விதம், பூட்டே போடாதது. பழைய வீட்டுல குளிச்ச தண்ணி சுவத்து ஓட்டை வழியா நேரா கொல்லைக்குப் போகும். வாழைக்கும் தென்னைக்கும் பாயும். அங்கே ட்ராப் தேவைப்படல. வீட்டைப் புதுப்பிக்கும்போது அதே பைப்பை எடுத்து செப்டிக் டேங்க் லைன்ல சொருகிடறாங்க. ட்ராப் இல்லாத பைப், நேரா டேங்க். அந்த அறையில டேங்க்கோட மூச்சுதான் வரும்.

ரெண்டாவது, கழட்டி வெச்சது. ஜாலிக்கு அடியில ஒரு சின்னக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். முடி அடைச்சதும் எடுத்துக் கழுவி ஓரமா வெச்சிடுவோம், திரும்பப் போட மாட்டோம். "இப்பத் தண்ணி நல்லாப் போகுது"ன்னு சந்தோஷப்படுவோம். பூட்டு போனது தெரியாது.

மூணாவது, வத்திப்போறது. துபாய்லயும் சிங்கப்பூர்லயும் வேலை பார்க்கிற பிள்ளைங்க கட்டின வீடு நம்ம பக்கம் நிறைய இருக்கு. வருஷத்துல ஒரு மாசம்தான் மாடி அறை திறப்பாங்க. சித்திரை வெயில்ல ட்ராப் தண்ணி சில வாரத்துல காஞ்சுடும்.

நாலாவது, உறிஞ்சப்படறது. ஏர் பைப் இல்லாத லைன்ல கழிப்பறைத் தண்ணி வேகமா இறங்கும்போது, பக்கத்து ட்ராப்ல நிக்கிற தண்ணியையும் இழுத்துட்டுப் போயிடும். செல்போன் டார்ச்சை ஜாலிக்குள்ள அடிச்சுப் பாருங்க. உள்ளே தண்ணி பளபளன்னு தெரியணும். யாரையாவது கழிப்பறையில ஃப்ளஷ் பண்ணச் சொல்லிட்டு மறுபடி பாருங்க. தண்ணி ஆடி அடங்கினா பரவாயில்லை. கீழே இறங்கிப்போச்சுன்னா ஏர் பைப் வேலை செய்யல.

டெல்டா மண்ணுக்கு ஒரு தனிக் கணக்கு

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு.

கீழ்வேளூர், திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவுல, கடலுக்குப் பக்கத்துல இருக்கிற தட்டையான நிலம். களிமண். ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது நிலத்தடி நீர் மேலே ஏறி வரும். வயல்ல நிக்கிற தண்ணி வேற, வாய்க்கால் நிறைஞ்சிருக்கும். அப்ப உங்க செப்டிக் டேங்க்ல இருந்து வெளியேறுற தண்ணியை வாங்கிக்க வேண்டிய உறிஞ்சுகுழி, அதுவே தண்ணியில மிதக்குது. டேங்க் தண்ணி எங்கே போகும்? பின்னாடி வரும். பைப்ல பாதி நிக்கும். குளியலறையில தேங்கும்.

அதனால மழைக்காலத்துல மட்டும் தேங்குற குளியலறைக்கு, குளியலறைக்குள்ள வைத்தியம் பார்த்துப் பிரயோஜனமில்லை. நோய் கொல்லையில இருக்கு.

செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தர நிர்ணய ஆவணம் ஐ.எஸ். 2470. நிலத்தடி நீர் தரைமட்டத்துல இருந்து 180 சென்டிமீட்டருக்குள்ள, அதாவது சுமார் ஆறு அடிக்குள்ள வர்ற இடத்துல உறிஞ்சுகுழி சரிப்படாது. அங்கே மேடு கட்டி, தரைக்கு மேலே பாதியாகவோ முழுசாகவோ இருக்கிற கசிவு வாய்க்கால் அமைக்கணும்னு அது சொல்லுது. நம்ம ஊர் கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில். யானை ஏறக்கூடாதுன்னு கோச்செங்கட்சோழன் உயரத்துல கட்டினார்னு பெரியவங்க சொல்வாங்க. நம்ம கவலை யானை இல்லை, தண்ணி. அது ஏறாம இருக்க நாமளும் கொஞ்சம் மேடு கட்டித்தான் ஆகணும்.

உங்க இடத்துல கார்த்திகையில தண்ணி எவ்வளவு உயரத்துக்கு வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பக்கத்துல கிணறு இருந்தா, நல்ல மழைக்குப் பிறகு ஒரு கயித்தைக் கட்டி இறக்கிப் பாருங்க. மேலேயிருந்து எத்தனை அடியில தண்ணி தொடுதுன்னு குறிச்சு, போன்ல ஒரு படம் எடுத்து வையுங்க. கோடையில பிளம்பர்கிட்ட காட்ட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

அதே ஆவணம் இன்னொண்ணும் சொல்லுது. கழிவுநீர் மண்ணுல இறங்குற இடம், குடிநீர்க் கிணத்துல இருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும். கிட்டத்தட்ட 60 அடி. உங்க கிணறு, அடிபம்பு மட்டுமில்லை, பக்கத்து வீட்டோடதையும் சேர்த்து அளந்து பாருங்க. டேங்க் வழிஞ்சா ஒரு பைப் போட்டு வாய்க்கால்ல விட்டுடலாம்னு சில பேர் நினைக்கிறாங்க. மழைநீர் வடிகால்லயும் பாசன வாய்க்கால்லயும் கழிவுநீரை விடக்கூடாது. நடவு நடுற அம்மாக்கள் அந்தத் தண்ணியிலதான் நாள் முழுக்க நிக்கிறாங்க.

இன்னொரு கணக்கு. வாளியும் செம்புமா குளிச்சா ஒரு வாளி, ரெண்டு வாளி. இருபது, முப்பது லிட்டர். ஷவர்ல நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் வந்தா, பத்து நிமிஷத்துல நூறு லிட்டர். நாலு பேர் குளிச்சா நானூறு. அந்தச் சின்ன உறிஞ்சுகுழி, வாளிக் குளியலுக்கு வெட்டினது. ஷவர் வைக்கும்போது தண்ணி போற இடத்தையும் பெருசாக்கணும். இல்லைன்னா குளியல் தண்ணியை டேங்க்ல விடாம, ட்ராப் போட்டு, தனி லைன்ல வாழைக்கும் தென்னைக்கும் திருப்புங்க. நம்ம தாத்தா காலத்து வழக்கம்தான். டேங்க்குக்குச் சுமை குறையும், தோட்டத்துக்கும் தண்ணி ஆச்சு.

ஹாங்காங்ல நடந்தது

"நாத்தம்தானே, ஜன்னலைத் திறந்தாப் போயிடும்" அப்படின்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சம்பவம் சொல்றேன்.

2003 மார்ச் மாசம். ஹாங்காங்ல அமாய் கார்டன்ஸ்னு ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. சார்ஸ் நோய் அங்கே 300 பேருக்கும் மேல தொத்திக்கிச்சு. ஒரே கட்டடத்துல மேலயும் கீழேயும், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத வீடுகளுக்கு எப்படிப் பரவிச்சுன்னு ஹாங்காங் சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் ஆராய்ஞ்சாங்க. பல வீட்டுக் குளியலறைத் தரை ட்ராப்ல தண்ணியே இல்லை, காஞ்சு கிடந்தது. கதவை மூடிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், கழிவுக்குழாய்க்குள்ள இருந்த கிருமித் துளிகளை அந்த ஃபேன் அறைக்குள்ள இழுத்துடுச்சு. நோய் பரவ இது முக்கியமான வழியா இருந்திருக்கும்னு முடிவுக்கு வந்தாங்க.

நம்ம வீட்டுல சார்ஸ் வரும்னு நான் சொல்ல வரல. ஒரு செம்புத் தண்ணி இல்லாத ட்ராப், மேலே ஓடுற ஃபேன், இந்த ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு புரிஞ்சுக்கத்தான் சொல்றேன். நாத்தம் போகணும்னு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுறோம். பூட்டு இல்லாத இடத்துல அதே ஃபேன் நாத்தத்தை உள்ளே இழுக்கும்.

நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். கதவை மூடி, ஃபேனைப் போட்டு, ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஜாலிக்கு மேலே பிடிங்க. காகிதம் மேல்நோக்கி ஆடிச்சுன்னா கீழேயிருந்து காத்து வருது. தீக்குச்சி, ஊதுபத்தி வெச்சு சோதிக்க வேண்டாம். டேங்க் வாயுவுல மீத்தேன் உண்டு, தீப்பிடிக்கும்.

எங்கே கோளாறுன்னு கண்டுபிடிக்க

உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் கவனிங்க.

வருஷம் முழுக்கத் தேங்குதுன்னா, தரை வாட்டம் அல்லது பைப் வாட்டம் சரியில்லை, இல்லைன்னா அடைப்பு.

மழைக்காலத்துல மட்டும் தேங்குதுன்னா, டேங்க்கும் உறிஞ்சுகுழியும்.

ஊருக்குப் போய்த் திரும்பினா மட்டும் நாத்தம்னா, ட்ராப் காஞ்சிருக்கு. ஒரு வாளித் தண்ணி போதும், செலவே இல்லை.

யாராவது ஃப்ளஷ் பண்ணினா மட்டும் சத்தமும் நாத்தமும்னா, ஏர் பைப்.

எப்பவுமே நாத்தம்னா, ட்ராப் இல்லை, அல்லது கிண்ணத்தைக் கழட்டி வெச்சிருக்கீங்க.

இதைத் தேதி போட்டு போன்ல குறிச்சு வையுங்க. "நாத்தம் வருது, பாருங்க"ன்னு சொல்றதுக்கும், "ஃப்ளஷ் பண்ணினா மட்டும் வருது"ன்னு சொல்றதுக்கும் பிளம்பருக்கு ஒரு நாள் வேலை வித்தியாசம்.

வேலை நடக்கும்போது

தரை வாட்டம்: குளிக்கிற பகுதியில ஒரு அடிக்குக் கால் இஞ்ச் இறக்கம் ஜாலியைப் பார்த்து இருக்கணும். நாலு அடி தூரம்னா ஒரு இஞ்ச். டைல்ஸ் ஒட்டுறவர் ரசமட்டம் வெச்சுப் பார்த்தாரான்னு நீங்க கூட இருந்து பாருங்க. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினா தரை உயரும், ஜாலி பள்ளத்துல போயிடும், வாசப்படி உயரம் குறையும், தண்ணி அறைக்குள்ள வரும். செலவு மிச்சம்னு அதைச் செய்யாதீங்க.

பைப் வாட்டம்: பத்து அடிக்கு ரெண்டு முதல் மூணு இஞ்ச். குளிக்கிற இடத்துக்கு 75 மில்லிமீட்டர் பைப், கழிப்பறைக்கு 110 மில்லிமீட்டர். தொண்ணூறு டிகிரி எல்போவுக்குப் பதிலா ரெண்டு நாற்பத்தைந்து டிகிரி பெண்டு போடச் சொல்லுங்க. திரும்புற இடத்துல மூடி வெச்ச டோர் பெண்டு இருந்தா, நாளைக்கு அடைச்சாலும் திறந்து குத்தி எடுக்கலாம். அந்த மூடியை மண்ணுல புதைச்சுட வேண்டாம்.

ரோடு உயரம்: பத்து வருஷத்துல தெருவுல ரோடு மேல ரோடு போட்டு உயர்ந்திருக்கும். பழைய அளவை நம்பாம, குளியலறைத் தரைக்கும், டேங்க்குக்குள்ள நுழையிற பைப்புக்கும், தெருவுக்கும் டியூப் மட்டம் பிடிச்சுப் பாருங்க. தண்ணி மேலேறிப் போகாது.

ட்ராப்: கடையில வாங்கும்போது உள்ளே எவ்வளவு தண்ணி நிக்கும்னு தண்ணி ஊத்தியே பாருங்க. ரெண்டு இஞ்ச் நிக்கணும். ஒவ்வொரு ஜாலிக்கும் ஒரு ட்ராப். ஒரே லைன்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ரெண்டு ட்ராப் வேண்டாம். நடுவுல காத்து மாட்டிக்கும், தண்ணி தயங்கும்.

ஏர் பைப்: செப்டிக் டேங்க்குக்கு குறைஞ்சது 50 மில்லிமீட்டர் ஏர் பைப் வேணும். டேங்க் வீட்டுல இருந்து 15 மீட்டருக்குள்ள இருந்தா, பைப் வீட்டு உச்சிக்கு மேலே 2 மீட்டர் உயரணும்னு ஐ.எஸ். 2470 சொல்லுது. நம்ம மனையில டேங்க் எப்பவும் 15 மீட்டருக்குள்ளதான் இருக்கும். ஆனா பல வீட்டுல ஏர் பைப் ஜன்னல் உயரத்துலயே நிக்குது. அந்தக் காத்து நேரா படுக்கையறைக்குத்தான் போகும். மாடியில கழிப்பறை இருந்தா, இறங்குற பெரிய பைப்போட மேல்முனையை மூடாம மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோங்க. "மழை விழும்"னு மூடி போட்டு அடைச்சுடறாங்க; அடைச்சா எண்ணெய் டின்னோட ரெண்டாவது ஓட்டை போச்சு.

பைப் முனையில கொசுவலை கட்டாயம். யானைக்கால் நோயைப் பரப்புற கியூலெக்ஸ் கொசு முட்டையிடற இடம் இந்த மாதிரி அழுக்குத் தண்ணிதான். நைலான் வலை வெயில்ல பொடிஞ்சுபோகும். வருஷத்துக்கு ஒருதடவை, மழைக்கு முன்னாடி பாருங்க.

மாடி அட்டாச்டு பாத்ரூம்: சங்கன் ஸ்லாப், அதாவது பள்ளமா விட்ட தளம் இருந்தா, பைப் போட்டுட்டு, நிரப்புறதுக்கு முன்னாடி வாட்டர்புரூஃபிங் பண்ணிட்டு, வெளியே போற வழியை அடைச்சுத் தண்ணி கட்டுங்க. சுவத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்க. கோடு இறங்கக்கூடாது, கீழ்வீட்டு சீலிங்ல ஈரம் தெரியக்கூடாது. கொத்தனார் "ஒரு நாள் வேஸ்ட்"னு சொல்வார். விட்டுக்கொடுக்காதீங்க.

கடைசியா, படம்: பைப் எல்லாம் போட்டு, மண்ணு மூடுறதுக்கு முன்னாடி, அளவு டேப்பைப் பக்கத்துல வெச்சுப் படம் எடுங்க. ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு வளைவும். சுவத்து மூலையில இருந்து எத்தனை அடியில பைப் போகுதுன்னு பேசிக்கிட்டே ஒரு வீடியோவும் எடுங்க. வீட்டுல ரெண்டு பேர் போன்ல வெச்சுக்கங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு டைல்ஸ் உடைச்சா போதுமா, இருபது உடைக்கணுமான்னு அந்தப் படம்தான் சொல்லும்.

அறைக்கும் மூச்சு வேணும்

பைப்புக்கு மட்டுமில்லை, அறைக்கும் காத்து வேணும். குளியலறையோட ஒரு சுவராவது வெளிக்காத்துப் படுற மாதிரி இருக்கணும்ங்கறது கட்டட விதிகளோட அடிப்படை. புதுப்பிக்கும்போது ஃபால்ஸ் சீலிங் போட்டோ, டைல்ஸ் ஒட்டியோ பழைய வென்டிலேட்டரை அடைச்சுடாதீங்க. கேஸ் கீசர் வைக்கிறவங்க அதைக் குளியலறைக்கு வெளியே வையுங்க. மூடின அறையில கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு மணமே கிடையாது. குளிக்கப் போனவங்க மயங்கி விழுந்து உயிர் போன செய்திகளை நாம படிச்சிருக்கோம்.

டேங்க்குக்குள்ள மனுஷன் இறங்கக்கூடாது

இதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கங்க. டேங்க் அடைச்சிருக்கு, மூடியைத் திறந்து ஒரு ஆளை இறக்கிடலாம்னு யாரும் நினைக்காதீங்க. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை வாடை. அதிகமானா மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாது. "வாடை இல்லையே, இறங்கலாம்"னு நினைக்கிற நேரம்தான் ரொம்ப ஆபத்து. ஒருத்தர் விழுந்தார்னு காப்பாத்த இறங்கின அடுத்தவரும் போயிடறார்.

2013ஆம் ஆண்டுச் சட்டம், செப்டிக் டேங்க்கையும் பாதாளச் சாக்கடையையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் அமர்த்தக்கூடாதுன்னு தடை செய்யுது. முதல் தடவை மீறினாலே ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இது அமர்த்துற எல்லாருக்கும் பொருந்தும், வீட்டுக்காரருக்கும்தான். இப்படி உயிரிழந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல சொல்லியிருக்கு. பணம் கொடுத்து ஈடு செய்யிற விஷயமா இது?

டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்க. இயந்திரம் பொருத்தின, உரிமம் உள்ள லாரி வரும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவை எடுத்துடுங்க. நம்ம ஊருக்கு நல்ல நேரம் ஆடி, ஆவணி. மழை வந்த பிறகு தண்ணி நிறைஞ்ச நிலத்துல டேங்க்கைக் காலி பண்ணினா, வெளியே இருக்கிற தண்ணி டேங்க்கையே மேலே தூக்கிடும் அபாயமும் உண்டு. பிளாஸ்டிக் டேங்க்னா இன்னும் கவனம்.

போன்லயே முடியிற வேலைகள்

உள்ளே பைப், டைல்ஸ் மாத்துறது ஒரு விஷயம். புதுசா அறை சேர்த்துக் கட்டுறது வேற விஷயம். அறை கூடுதுன்னா, அனுமதி தேவையான்னு பேரூராட்சி அலுவலகத்துல முதல்லயே கேட்டுடுங்க. முழுசா இடிச்சுப் புது வீடே கட்டுறவங்களுக்கு, 2024 ஜூலையில தொடங்கின சுயசான்றிதழ் திட்டம் இருக்கு. 2,500 சதுர அடி வரை மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளம் வழியா உடனே அனுமதி வாங்கலாம். அந்த வரைபடத்துல டேங்க் எங்கே, கிணறு எங்கே, ஏர் பைப் எங்கேன்னு தெளிவாப் போடச் சொல்லுங்க.

தெரு வடிகால் அடைச்சு உங்க வீட்டுக்குத் தண்ணி திரும்புதுன்னா, யாராவது கழிவுநீரை வடிகால்ல விடுறாங்கன்னா, முதல்ல பேரூராட்சியில சொல்லுங்க. நடவடிக்கை இல்லைன்னா முதலமைச்சரின் உதவி மையம், 1100. புகார் எண்ணைக் குறிச்சு வையுங்க. இடத்தோட படம், தேதி, எந்த நேரத்துல தண்ணி திரும்புது, இதெல்லாம் இருந்தா புகாருக்கு வலு கூடும்.

கேள்வி பதில்

*"கரப்பான் வராத ஜாலின்னு ரப்பர் வெச்சு விக்கிறாங்களே, அதைப் போட்டா ட்ராப் வேண்டாமா?"* ஒரு அம்மா கேட்டாங்க.

அது கூடுதல் காவல்தான்மா. அந்த ரப்பர் நாக்குல முடியும் சோப்பும் ஒட்டினா சரியா மூடாது. அடியில தண்ணிப்பூட்டு இருக்கிற ட்ராப் கட்டாயம் வேணும். அதுக்கு மேலே இதையும் போட்டுக்கலாம், மாசம் ஒருதடவை கழுவணும்.

*"வெளிநாட்டுல இருக்கோம், வீடு பூட்டிக் கிடக்கு. என்ன பண்றது?"*

பூட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜாலியிலயும் ஒரு செம்புத் தண்ணி ஊத்தி, மேலே ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்க. எண்ணெய் மேலே மிதந்து, தண்ணி ஆவியாகறதை மெதுவாக்கும். சாவி வெச்சிருக்கிற சொந்தக்காரங்களை மாசம் ஒருதடவை தண்ணி ஊத்தச் சொல்லுங்க.

*"ஆசிட் ஊத்தினா அடைப்பு போயிடுமே?"* ஒரு அய்யா கேட்டார்.

போகும் அய்யா, கூடவே டேங்க்ல கழிவை மக்க வைக்கிற நுண்ணுயிரும் செத்துப்போகும். அப்புறம் டேங்க் சீக்கிரம் நிறையும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா ஊத்தினா விஷவாயு வரும். முடியைக் கையுறை போட்டு எடுங்க, சுடுதண்ணி ஊத்துங்க, அதுக்கும் போகலைன்னா ரப்பர் பம்ப்.

*"ஏற்கனவே டைல்ஸ் ஒட்டியாச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?"*

நிறைய முடியும். ஏர் பைப்பை வீட்டுக்கு வெளியேயே டேங்க் பக்கம் போடலாம், உசரமாக்கலாம். குளியல் தண்ணி லைனை வெளிச்சுவத்துக்கு அந்தப் பக்கம் பிரிச்சு, வெளியேயே ஒரு கல்லி ட்ராப் வைக்கலாம். உறிஞ்சுகுழியை மேடாக்கலாம். இதுல எதுக்கும் உள்ளே டைல்ஸ் உடைக்க வேண்டாம். தரை வாட்டம் தப்பா இருந்தா மட்டும்தான் உடைக்கணும்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை பண்ணுங்க. போன் டார்ச்சை எடுத்து ஒவ்வொரு ஜாலிக்குள்ளயும் அடிச்சுப் பாருங்க, தண்ணி பளபளன்னு தெரியுதான்னு. அப்புறம் மொட்டைமாடிக்குப் போய் ஏர் பைப் எவ்வளவு உயரம் இருக்கு, வலை இருக்கான்னு பாருங்க. பத்து நிமிஷ வேலை. டைல்ஸ் கடைக்கு நாளைக்குப் போகலாம்.